தெரிந்து சுமந்தவரும் தெரியாமல் சுமந்தவனும்

அந்த வியாழக்கிழமை பாடத்துக்கு வந்தவர்கள் இவர்கள். ஆடு வளர்க்கிற ஒச்சம்மா. அவள் மருமகள் செல்வி, இடுப்பில் பிள்ளையோடு. டிராக்டர் ஓட்டுகிற ராசு. உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் தூங்கிவிடுவார். வீடு வீடாகப் பால் ஊற்றுகிற சன்னாசி. காது பாதிதான் கேட்கும், அதனால் முன்னால் உட்காருவார். தோட்டக்காரர் மொக்கச்சாமி, வாசலை ஒட்டி உட்காருவார், செருப்பைக் கை எட்டுகிற தூரத்தில் வைத்துக்கொள்வார். அப்புறம் நான். ஆறு பேர். பிள்ளையைச் சேர்த்தால் ஏழு.

ஊர் எழுமலைக்குத் தெற்கே. பேர் சொல்லவில்லை. ஆட்களின் பேர்களையும் மாற்றியிருக்கிறேன். அவர்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள்.

நான் முப்பத்தொரு வருஷம் உபதேசியாராக இருந்தேன். குருவானவருக்குக் கீழே உள்ள வேலை. எங்கள் பக்கம் குருவானவர் ஒருவர், ஊர்கள் பதினான்கு. அவர் மாதம் ஒரு தடவை வருவார். மற்ற நாளெல்லாம் உபதேசியார்தான். ஜெபம் நடத்த வேண்டும். நோயாளியைப் பார்க்க வேண்டும். சாவு வீட்டில் நிற்க வேண்டும். ஞானஸ்நானம் கேட்கிறவர்களுக்குப் பாடம் சொல்ல வேண்டும். ஞானஸ்நானம் கொடுக்கிற அதிகாரம் மட்டும் நமக்குக் கிடையாது.

படிப்பு எட்டாவது. அதற்குப் பிறகு மதுரை செல்லூரில் விசைத்தறியில் ஒன்பது வருஷம். பிறகு உபதேசியார் பயிற்சி ஒரு வருஷம். அவ்வளவுதான்.

இதை எழுதுவது இப்போதைய பிள்ளைகளுக்காக. ஆனையூரில் எங்கள் ஜெபவீட்டுக்குப் பின்னால் ஓர் அறை உண்டு. போன மாதம் அங்கே புது ஊழியர்களுக்கு வகுப்பு நடந்தது. ஓய்வு பெற்றவன் என்று என்னையும் கூப்பிட்டார்கள். பாவநிவாரணம் என்ற பாடம். செல்போனில் ஒரு படம் காட்டினார்கள். இந்தப் பக்கம் ஒரு மலை, அந்தப் பக்கம் ஒரு மலை, நடுவில் பள்ளம். பள்ளத்தின் மேல் சிலுவை பாலம் போலக் கிடக்கிறது. மனிதன் அதில் நடந்து தேவனிடம் போகிறான். நல்ல படம். குறை சொல்லவில்லை.

ஒரு தம்பி கேட்டான்.

“அண்ணே, போன் இல்லாம நீங்க இதை எப்படிச் சொன்னீங்க?”

“கிடாயை வச்சுச் சொன்னேன்.”

“ஆளுங்களுக்குப் புரிஞ்சுச்சா?”

“புரிஞ்சுச்சு. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்.”

சிரித்தார்கள். வகுப்பு நடத்திய அம்மா மட்டும் சிரிக்கவில்லை. “அந்தத் தப்பை எழுதிக் கொடுங்கண்ணே, அதுதான் இவங்களுக்கு வேணும்” என்றார். எழுதுகிறேன்.

முதலில் பாடம் சொல்லும் முறை. ஞானஸ்நானத்துக்குப் பத்து வியாழக்கிழமை. ஒரு கிழமைக்கு ஓர் அதிகாரம். நான் மூன்று தடவை வாசிப்பேன். முதல் தடவை நிறுத்தாமல். இரண்டாம் தடவை வசனம் வசனமாக. மூன்றாம் தடவை வாசிப்பதற்கு முன்னால் அவர்களில் ஒருவர் கதையைத் திருப்பிச் சொல்ல வேண்டும். தப்பினால் மற்றவர்கள் திருத்துவார்கள். எழுதப் படிக்கத் தெரிந்தவர் ராசு ஒருத்தர்தான். ஆகையால் வாயில் நின்றால்தான் மனதில் நிற்கும். திருப்பிச் சொல்லும்வரை அடுத்த பாடத்துக்குப் போகக் கூடாது. இது பயிற்சியில் சொல்லிக் கொடுத்தது இல்லை. தறியில் கற்றது. அறுந்த இழையை முடிச்சுப் போடாமல் தறியை ஓட்டினால் துணி முழுக்கக் கோடு விழும்.

ஏழாவது வியாழன் பாவநிவாரணம். அந்தச் சொல் ஊரில் யாருக்கும் தெரியாது. பரிகாரம் தெரியும். சோசியர் சொல்வது, நாம் செய்வது. விளக்குப் போடுவது, சுற்றி வருவது. நான் சொல்வேன்: பரிகாரம் மனுஷன் செய்வது. பாவநிவாரணம் தேவன் செய்வது. மனுஷனுக்கும் தேவனுக்கும் நடுவே உள்ள பாவத்தை அவரே எடுத்துப் போடுகிறார். மோசே காலத்தில் அதற்கு ஆடு மாடுகளைக் கொடுத்தார். அது நிழல். பிறகு தம்முடைய குமாரனைக் கொடுத்தார். அது பொருள்.

இதற்கு நான் எடுப்பது லேவியராகமம் பதினாறு. வருஷத்தில் ஒரு நாள். இரண்டு வெள்ளாட்டுக் கடாக்கள். சீட்டுப் போடுவார்கள். ஒன்று பலி. அதன் இரத்தத்தை உள்ளே கொண்டுபோய்த் தெளிப்பார்கள். இன்னொன்றின் தலையில் பிரதான ஆசாரியன் இரண்டு கைகளையும் வைத்து, ஜனங்களின் அக்கிரமம் எல்லாவற்றையும் சொல்வான். பிறகு ஓர் ஆள் அதை வனாந்தரத்துக்கு ஓட்டிக்கொண்டு போய் விட்டுவிடுவான். அதற்குப் பேர் போக்காடு. பாவத்தைச் சுமந்துகொண்டு போய்விடும். திரும்பி வராது.

அன்றைக்கு நான் ஒரு வார்த்தை கூடுதலாகச் சொன்னேன். “நம்ம ஊர்ல சாமிக்கு நேந்துவிட்ட கிடா இருக்குல்ல, அது மாதிரி.”

ஒச்சம்மா உடனே பிடித்துக்கொண்டாள்.

“அது எப்படி உபதேசியாரே? நேந்துவிட்ட கிடா ஊருக்குள்ளதானே திரியும். எங்க கடலைச் செடியை எல்லாம் மேஞ்சுட்டு நிக்கும். யாரும் அடிக்க மாட்டாக. பொங்கலுக்கு வெட்டித் திங்கத்தானே விடுறது?”

ராசு கண்ணைத் திறந்தார். “கறி என்னைக்கு?”

“நீ தூங்குப்பா” என்றாள் செல்வி.

எல்லாரும் சிரித்தார்கள். சன்னாசிக்குக் கேட்கவில்லை, அவரும் சிரித்தார். நான் தப்பை ஒத்துக்கொண்டேன். போக்காட்டை யாரும் தின்பதில்லை, யாரும் கும்பிடுவதும் இல்லை, எல்லார் பாவமும் அதன் தலையில், அது வெளியே போகிறது, அவ்வளவுதான் என்றேன். ஒச்சம்மா கதையைத் திருப்பிச் சொன்னாள். சரியாகச் சொன்னாள். இது என் சின்னத் தப்பு. பெரிய தப்பு பிறகு.

எல்லாரும் எழுந்து போனார்கள். மொக்கச்சாமி மட்டும் போகவில்லை. செருப்பைப் போட்டார், மறுபடி கழற்றினார்.

“உபதேசியாரே, அந்த ரெண்டாவது கிடா. தன் தலையில பாவத்தை வச்சது அதுக்குத் தெரியுமா?”

“ஆடுதானே. தெரியாது.”

“காசிக்கும் தெரியாது.”

எந்தக் காசி என்று கேட்டேன். என்னை உட்காரச் சொன்னார். அப்புறம் சொன்னார்.

ஏழு வருஷத்துக்கு முன்னால் நடந்தது. தவசி என்று ஒருவர். அவர் களத்தில் வைக்கோல் படப்பு. படப்பை ஒட்டி இரண்டு மாடுகள் கட்டியிருந்தன. மொக்கச்சாமி மத்தியானம் அந்த வழியாக வந்தவர் நிழலுக்கு நின்று பீடி குடித்தார். அணைத்தோம் என்று நினைத்துப் போட்டுவிட்டுப் போனார். திரும்பிப் பார்க்கும்போது புகை. ஓடிப்போய் மாட்டை அவிழ்த்திருக்கலாம். பயத்தில் வேறு பக்கம் ஓடிவிட்டார். இரண்டு மாடும் வெந்து செத்தன.

தவசிக்கும் காசிக்கும் வாய்க்கால் தண்ணீரில் சண்டை இருந்தது. காசி மொக்கச்சாமிக்கு மாமன் முறை. ஊர் காசியைத்தான் நினைத்தது. விசாரிக்க வந்தவர்கள் மொக்கச்சாமியையும் கேட்டார்கள். “காசி மாமனை அந்தப் பக்கம் பாத்தேன்” என்று சொல்லிவிட்டார். ஒரே வார்த்தை. காசி நாற்பது நாள் ஜெயிலில் இருந்தான். மொக்கச்சாமி கோர்ட்டுக்குப் போகவே இல்லை. சாட்சி இல்லாமல் வழக்கு நிற்கவில்லை. ஆனாலும் ஊர் காசியைத் தள்ளி வைத்தது. அவன் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு செல்லூருக்குத் தறி ஓட்டப் போய்விட்டான்.

“எனக்குப் பதிலா ஏசு தண்டனை பட்டாருன்னு நீங்க சொல்றீக. எனக்குப் பதிலா ஏற்கெனவே ஒருத்தன் பட்டுட்டான் உபதேசியாரே.”

இயேசு தெரிந்து சுமந்தார் என்றேன். ஏசாயா ஐம்பத்து மூன்றை வாசித்தேன். நம்முடைய அக்கிரமம் எல்லாவற்றையும் அவர்மேல் விழப்பண்ணினார் என்று இருக்கிறது. அவர் வாயைத் திறக்கவில்லை. ஆனால் அவர் ஆடு இல்லை. என் ஜீவனை ஒருவனும் பறிக்கவில்லை, நானே கொடுக்கிறேன் என்று யோவானில் சொல்லியிருக்கிறார். அதனால்தான் அவர் பலி பலியாகிறது. கட்டி இழுத்து வந்தது இல்லை.

இதுவரை சரி.

“அப்ப காசி சுமந்தது?” என்றார்.

“அதுவும் சிலுவையில போயிருச்சு” என்றேன். “நீங்க மனசுல போட்டுக் குழப்ப வேண்டாம்.”

இதுதான் பெரிய தப்பு. ஏன் சொன்னேன் என்று பிறகு யோசித்திருக்கிறேன். அந்த ஊரில் நான் ஆறு வருஷம். பெரியவர்கள் ஒருத்தரும் ஞானஸ்நானம் எடுக்கவில்லை. இந்த ஐந்து பேரும் முதல் ஆட்கள். ஒருத்தர் குறைவது எனக்குப் பொறுக்கவில்லை. மொக்கச்சாமி லேசாகப் போனார். எனக்கும் லேசாக இருந்தது.

ஐயரைப் பற்றிச் சொல்ல வேண்டும். குருவானவரை நாங்கள் ஐயர் என்போம். அப்போது இருந்த ஐயர் ஒல்லியான ஆள். பைக்கில் வருவார். வந்ததும் நின்றபடியே ஒரு செம்புத் தண்ணீர் குடிப்பார். கண்ணாடியைத் துடைப்பார். பிறகு, “யாரு யாரு முடியாம இருக்காக?” என்பார். நோயாளிகளைப் பார்த்து முடிக்கும்வரை சாப்பிட மாட்டார். பேச்சு குறைவு. நமக்கும் பேச்சு குறைவு. நாங்கள் இரண்டு பேரும் நடந்து போனால் பார்க்கிறவர்கள் சண்டை என்று நினைப்பார்கள்.

அவரிடம் ஒரு வழக்கம். உபதேசியாரை ஆட்கள் முன்னால் ஒரு நாளும் திருத்த மாட்டார். தப்பு நடந்தால், “டயர்ல காத்து கம்மியா இருக்கு, வாங்க பாப்போம்” என்று பைக் பக்கம் கூட்டிக்கொண்டு போவார். பதினான்கு ஊர் உபதேசியார்களுக்கும் இது தெரியும். நாங்கள் சந்தித்தால், “இந்த மாசம் உமக்குக் காத்து இறங்குச்சா?” என்று கேட்டுக்கொள்வோம்.

ஞானஸ்நானத்துக்கு மூன்று வாரம் முன்னால் ஐயர் வந்து விசாரிப்பார். ஒவ்வொருவராக. உபதேசியார் பதிவேட்டோடு பக்கத்தில் இருக்க வேண்டும். மூன்று கேள்விகள். இயேசு யார். அவர் உங்களுக்காக என்ன செய்தார். மூன்றாவது, உங்களால் யாருக்காவது மனவருத்தம் இருக்கிறதா.

ஒச்சம்மா மூன்றாவது கேள்விக்கு, “எங்க மருமகளைக் கேளுங்க” என்றாள். ஐயர் செல்வியைக் கேட்டார். “இருக்கு. ஆனா நாளைக்குச் சொல்றேன், இன்னைக்கு அத்தை பக்கத்துல உக்காந்திருக்கு” என்றாள். ஐயர் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

மொக்கச்சாமி முதல் இரண்டுக்கும் நன்றாகப் பதில் சொன்னார். நான் சொன்ன வார்த்தை ஒன்றுகூட மாறவில்லை. மூன்றாவது கேள்விக்கு என்னைப் பார்த்தார்.

“இருந்துச்சுங்க. போயிருச்சுன்னு உபதேசியார் சொன்னாரு.”

ஐயர் கண்ணாடியைக் கழற்றினார். பதிவேட்டை மூடினார்.

“டயர்ல காத்து கம்மியா இருக்கு. வாங்க.”

பைக் வேப்பமரத்தடியில் நின்றது. ஐயர் பின்சக்கரத்தை நிஜமாகவே அமுக்கிப் பார்த்தார். அவர் பொய்யாக எதையும் செய்ய மாட்டார்.

“அவரு உங்ககிட்டச் சொன்னது உங்ககிட்ட இருக்கட்டும். நான் கேக்கல. போயிருச்சுன்னு சொன்னீங்களே, வருத்தப்பட்ட ஆளைக் கேட்டீங்களா?”

“இல்லைங்கய்யா.”

பையிலிருந்து வேதத்தை எடுத்துக் கொடுத்தார். லேவியராகமம் ஆறு, முதல் ஏழு வசனம் வாசிக்கச் சொன்னார். நின்றபடி வாசித்தேன். ஒருவன் அடுத்தவன் பொருளை வஞ்சித்து எடுத்திருந்தால், பொய் சத்தியம் பண்ணியிருந்தால், எடுத்ததை முழுக்கத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்க வேண்டும். உடையவனிடமே கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகு குற்றநிவாரண பலிக்கு ஆட்டுக்கடா கொண்டுவர வேண்டும். ஆசாரியன் பாவநிவிர்த்தி செய்வான். மன்னிக்கப்படும்.

“எது முதல்ல?”

“திருப்பிக் கொடுக்கிறது.”

“திருப்பிக் கொடுத்ததும் முடிஞ்சிருச்சா?”

“இல்லைங்கய்யா. பலி வேணும்னு இருக்கு.”

“ஆமா. கொடுத்ததால மன்னிப்பு வரல. மன்னிப்பு பலியாலதான். அதை நீங்க சரியாத்தான் சொல்லியிருக்கீங்க. ஆனா கையில அடுத்தவன் பொருளை வச்சுக்கிட்டு பலிபீடத்துக்கு வரவும் விடல. ஆண்டவரும் அதையேதான் சொன்னாரு. காணிக்கையை அங்கேயே வச்சிட்டுப் போ, சகோதரனோட ஒப்புரவாகு, அப்புறம் வா.”

வேதத்தை மூடி அவரிடம் கொடுத்தேன்.

“சிலுவை அவரை அந்த ஆளுகிட்டப் போக விடாமத் தடுக்குதுன்னா நாம சிலுவையைத் தப்பாச் சொல்லியிருக்கோம். போறதுக்குத் தைரியம் கொடுக்கணும் அது.”

‘நாம’ என்றார். ‘நீங்க’ என்று சொல்லவில்லை.

“ஐயா, எடுத்தது பொருள் இல்லைங்க. பேரு. பேருக்கு ஐந்தில் ஒரு பங்கு எது?”

ஐயர் யோசித்தார். “அதைப் பறிகொடுத்தவர் சொல்லுவாரு.”

மொக்கச்சாமி தோட்டத்துக்கு மறுநாள் போனேன். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. மண்வெட்டியோடு பாத்தி மாற்றிக்கொண்டிருந்தார். நான் சொன்னது தப்பு என்றேன். இன்னது சரி என்றேன். அவர் மண்வெட்டியை நிறுத்தவில்லை.

“அன்னைக்கு ஒண்ணு சொன்னீக, இன்னைக்கு ஒண்ணு சொல்றீக. எதை நம்ப?”

“இன்னைக்குச் சொல்றதை.”

“நாளைக்கு ஒண்ணு சொன்னா?”

“சொல்ல மாட்டேன்.”

“போலீசு வருமா?”

“வரலாம்.”

“தவசி வெட்டுவான்.”

“அடிக்கலாம். கூட நான் நிப்பேன்.”

“நீங்க நின்னு?” என்று என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் ஐம்பது கிலோ இருப்பேன். “போங்க உபதேசியாரே. எனக்கு ஞானஸ்நானமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்.”

அடுத்த வியாழன் வரவில்லை. அதற்கடுத்த வியாழனும் வரவில்லை. வாசல் ஓரத்து இடத்தில் யாரும் உட்காரவில்லை. ஒச்சம்மா கேட்டாள், “எங்கே நம்ம காவக்காரரு?” தெரியாது என்றேன். ராத்திரியும் பகலும் ஜெபித்தேன். வேறு எதுவும் செய்யவில்லை. செய்யவும் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம் என்றால் அதற்கு முந்தின திங்கள். காலையில் பல் விளக்கிக்கொண்டு நிற்கிறேன். மொக்கச்சாமி வெள்ளை வேட்டியில் வந்தார்.

“செல்லூருக்கு எங்கன இறங்கணும்?”

வாயைக் கொப்பளித்துவிட்டு, “நானும் வாரேன்” என்றேன்.

உசிலம்பட்டி வந்து மதுரை பஸ் ஏறினோம். வழி முழுக்க அவர் ஒரே ஒரு தடவை பேசினார். “அவன் செருப்பால அடிச்சா நீங்க தடுக்கக் கூடாது.” சரி என்றேன்.

செல்லூர்ச் சந்துகள் எனக்குத் தெரியும். விசாரித்து மூன்றாவது தறிக்கூடத்தில் காசியைப் பிடித்தோம். பன்னிரண்டு தறி ஓடுகிற கூடம். காசிக்கு நான்கு. உள்ளே தறிச் சத்தம். தெரியாதவர்களுக்கு அந்தச் சத்தத்தில் பேச முடியாது. காதோடு வாய் வைத்துப் பேச வேண்டும், இல்லாவிட்டால் கைஜாடை. மொக்கச்சாமிக்கு அது தெரியவில்லை. காசி எங்களைப் பார்த்தான். கையைக் காட்டி இருக்கச் சொன்னான். மொக்கச்சாமி இருக்கவில்லை. நின்ற இடத்திலிருந்தே பேசத் தொடங்கிவிட்டார். வாய் அசைகிறது, ஒன்றும் கேட்கவில்லை. காசி காதில் கையை வைத்தான். இவர் இன்னும் சத்தமாகச் சொன்னார். காசி ஒரு தறியை நிறுத்தினான். கேட்கவில்லை. இரண்டாவதை நிறுத்தினான். பிறகு நான்கையும் நிறுத்தினான். பக்கத்துத் தறிக்காரர்கள் என்ன சங்கதி என்று பார்க்கத் தங்கள் தறிகளையும் நிறுத்திவிட்டார்கள். கூடம் அமைதியாகிவிட்டது. மொக்கச்சாமி அதைக் கவனிக்காமல் அதே சத்தத்தில் கத்தினார்.

“படப்புக்குத் தீ என் பீடிதான் மாமா. நீ இல்ல. உன்னைப் பாத்தேன்னு நான் பொய் சொன்னேன்.”

அத்தனை பேரும் கேட்டார்கள்.

காசி தறியில் சாய்ந்து நின்றான். கையில் இருந்த நூலைச் சுற்றினான், அவிழ்த்தான்.

“இதைச் சொல்லத்தான் வந்தியா மாப்ள?”

“ஆமா.”

“ஊர்ல சொன்னியா?”

“இல்ல.”

“அப்ப எங்கிட்ட வந்து எதுக்குச் சொல்ற? நான் தீ வைக்கலைன்னு எனக்குத்தான் அன்னைக்கே தெரியுமே.”

பக்கத்துத் தறிக்காரர் ஒருவர் சிரித்துவிட்டார். காசி சிரிக்கவில்லை.

“மந்தையில சொல்லு. எல்லாரும் இருக்கும்போது சொல்லு. எங்க அம்மா செத்ததுக்கு ஊர்ல ஒருத்தன் தோள் கொடுக்க வரல. அவுகளுக்குச் சொல்லு.”

வாசலிலிருந்து ஒருவர், “ஏன்டா தறி நிக்குது?” என்றார். காசி ஒவ்வொன்றாகத் தறியை ஓட்டினான். நாங்கள் வெளியே வந்தோம். எனக்கு ஐயர் சொன்னது அப்போது புரிந்தது. ஐந்தில் ஒரு பங்கு எது என்று பறிகொடுத்தவன் சொல்லிவிட்டான்.

மந்தை என்பது ஊர் கூடுகிற வெளி. பங்குனிப் பொங்கலுக்கு நாள் குறிக்க அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் கூட்டம். நான் ஓரமாக நின்றேன். நமக்கு அங்கே பேச இடம் இல்லை. மொக்கச்சாமி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நடுவில் வந்தார். சொன்னார். பீடி, படப்பு, மாடு, பொய். நான்கு வரி.

தவசி எழுந்து வந்து கன்னத்தில் ஓர் அடி அடித்தார். இரண்டாவதற்குக் கை ஓங்கினார். மொக்கச்சாமி நகரவில்லை. தவசி கையை இறக்கினார். “ரெண்டும் சினை மாடுடா” என்றார். போய் உட்கார்ந்துவிட்டார். மறுநாள் மொக்கச்சாமி தன் தொழுவத்துப் பசுவை அவர் வாசலில் கொண்டுபோய்க் கட்டினார். தவசி திருப்பி அனுப்பவில்லை. போலீசுக்கும் போகவில்லை.

கூட்டத்தில் ஒருவர் சொன்னார், “வேதத்துல சேந்தா இப்படி எல்லாம் புத்தி கெட்டுப் போகும்போல.”

நாட்டாமை அவரைப் பார்த்தார். “கெட்ட புத்தி இத்தனை வருஷமா நம்ம கிட்டல்ல இருந்திருக்கு. காசியை நாமதானே தள்ளினோம்” என்றார். கூட்டம் தலையைக் குனிந்தது. காசியைக் கூப்பிட இரண்டு பேரைச் செல்லூருக்கு அனுப்பச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை ஐயர் வந்தார். தண்ணீர் குடித்தார். கண்ணாடியைத் துடைத்தார். மூன்றாவது கேள்வியை மொக்கச்சாமியிடம் மறுபடி கேட்டார்.

“உங்களால யாருக்காவது மனவருத்தம் இருக்கா?”

“இருக்குங்க. போய்ச் சொல்லிட்டேன். வருத்தம் தீந்துச்சா தெரியல. அது காசி மாமன் பாடு.”

ஐயர் தலையாட்டினார். ஞானஸ்நானம் கொடுத்தார். ஐந்து பேருக்கும், செல்வியின் பிள்ளைக்கும். டயரைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.

அதற்குப் பிறகு ஏழாம் வியாழனில் நான் இரண்டு அதிகாரம் வைத்தேன். லேவியராகமம் பதினாறும் ஆறும். இரண்டையும் திருப்பிச் சொல்ல வைப்பேன். பிறகு கொரிந்தியர் இரண்டாம் நிருபம், ஐந்தாம் அதிகாரம். தேவன் கிறிஸ்துவுக்குள் உலகத்தைத் தம்மோடு ஒப்புரவாக்கினார், ஒப்புரவாக்குகிற வேலையை நம்மிடம் கொடுத்தார் என்று அதில் இருக்கிறது. முதல் பாதியை மட்டும் நான் அத்தனை வருஷம் சொல்லியிருந்தேன். புதுப் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். உங்கள் படத்தில் மனிதன் பாலத்தைக் கடந்து தேவனிடம் போகிறான். நல்லது. பக்கத்து வீட்டுக்காரனையும் அதில் வரையுங்கள்.

பங்குனிப் பொங்கலுக்குக் காசி வந்தான். பெண்டாட்டியோடு காலை பஸ்ஸில் வந்து இறங்கினான். எங்கள் பக்கம் ஊர் என்பது தலைக்கட்டுக் கணக்கு. ஒரு குடும்பம் ஒரு தலைக்கட்டு. போன வருஷம் நூற்றுப் பதினாறு. பொங்கலுக்கு முன்னால் மந்தையில் ஒவ்வொரு பேராக வாசிப்பார்கள். பேர் வாசித்தால் ஊரில் சேர்த்தி. நல்லது கெட்டதுக்கு ஊர் வரும். வாசிக்காவிட்டால் கிடையாது.

மொக்கச்சாமி பேரில் ஒரு சிக்கல் வந்தது. “பந்தலுக்கும் தண்ணிக்கும் நான் பாடுபடுறேன், கிடா வெட்டுக்கு என்னைச் சேக்காதீக” என்றார்.

“அதெல்லாம் பிரிச்சு எழுத முடியாதுப்பா” என்றார் நாட்டாமை. “பேரு இருக்கட்டும். பந்தலுக்குக் கம்பு ஊண்டு.”

பட்டியல் போய்க்கொண்டே இருந்தது. வெயில் ஏறிவிட்டது. நான் இந்தத் தடவையும் ஓரமாகத்தான் நின்றேன். மொக்கச்சாமி எனக்கு முன்னால் நின்றார். ஏழு வருஷம் வாசிக்காத பேரை நாட்டாமை கடைசியில் வாசித்தார்.

“காசி.”

அவன் பெண்டாட்டிதான், “இருக்காரு” என்றாள்.

தவசி தான் உட்கார்ந்திருந்த சமுக்காளத்தில் நகர்ந்து இடம் விட்டார். காசி கொஞ்சம் நின்று பார்த்துவிட்டுப் போய் உட்கார்ந்தான். மொக்கச்சாமியை அவன் பார்க்கவில்லை. பார்ப்பதற்கு இன்னும் ஒரு வருஷம் ஆனது. அது வேறு கதை.

நாட்டாமை காகிதத்தின் கீழே பேனாவால் எண்ணிக்கொண்டு வந்தார். இரண்டு தடவை எண்ணினார். பிறகு எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

தலைக்கட்டு நூற்றுப் பதினேழு.